பேசப்படுபவர், பேசாதவர்: ஆசிரியர் கல்வியும் சமநீதி ஆய்வுகளும்

கல்வியில் சமநீதி பற்றி அறிஞர்கள் கூடிப் பேசும் அரங்குகளுக்கு நாட்டில் குறைவில்லை. பல்கலைக்கழகத் துறைகள் அவற்றை நடத்துகின்றன. தன்னார்வ அமைப்புகள் நடத்துகின்றன. அண்மை ஆண்டுகளில் பெருநிறுவனங்களின் அறக்கட்டளைகளும் நடத்தத் தொடங்கியுள்ளன. சாதி, வர்க்கம், பாலினம், மொழி, மதம் ஆகியவை வகுப்பறைக்குள் எவ்வாறு இயங்குகின்றன என்பது அங்கே நுணுக்கமாக விவாதிக்கப்படுகிறது. ஆனால் அந்த மேடைகளில் பெரும்பாலும் காணக் கிடைக்காத ஒருவர் உண்டு. ஒவ்வொரு நாள் காலையும் அந்த வகுப்பறைக்குள் நுழைகின்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்தான் அவர். அவரைப் பற்றிப் பேசுகிறார்கள், அவரோடு பேசுவதில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் சங்க மாநாடுகளின் தீர்மானங்களில் ஊதியக் குழு வரும், ஓய்வூதியம் வரும், பணியிட மாறுதல் வரும். இவை அனைத்தும் நியாயமானவை. போராடிப் பெற வேண்டியவை. ஆனால் தலித் குழந்தை வகுப்பறையில் எங்கே உட்கார வைக்கப்படுகிறது, ஆதிவாசிக் குழந்தையின் தாய்மொழியில் பேச ஓர் ஆசிரியராவது இருக்கிறாரா என்ற கேள்விகள் அத்தீர்மானங்களில் இடம்பெறுவது அரிது. ஆய்வாளர் சங்கத்தை ஊதியத்துக்கு மட்டும் குரல் கொடுக்கும் அமைப்பாகப் பார்க்கிறார். சங்கமோ ஆய்வாளரை ஆசிரியர்மீது பழி சுமத்த வந்தவராகப் பார்க்கிறது. இருவருக்கும் இடையில் நீடிக்கும் இந்த மௌனம் மூன்றாவது ஒருவருக்குத்தான் பயன்படுகிறது. ஆசிரியர் கல்வியை விலைக்கு விற்பவரே அவர்.

இந்த மௌனம் இயல்பானதும் அன்று, தொன்மையானதும் அன்று. 1882ஆம் ஆண்டு வில்லியம் ஹண்டர் தலைமையிலான கல்விக் குழுவின் முன் ஜோதிராவ் புலே அளித்த அறிக்கையை எடுத்துக்கொள்ளலாம். உழவர்களின் வரிப்பணத்தில் உயர்சாதியினரின் உயர்கல்வி நடக்கிறது என்று குற்றஞ்சாட்டிய அதே அறிக்கையில், தொடக்கப்பள்ளி ஆசிரியர் யாராக இருக்க வேண்டும் என்பதையும் புலே எழுதினார். அன்றைய ஆசிரியர்கள் ஏறத்தாழ அனைவரும் பிராமணர்களாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். உழுகுடிகளிலிருந்து வந்தவர்கள், அம்மக்களோடு தயக்கமின்றிப் பழகக்கூடியவர்கள், முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் ஆசிரியர்களாக வேண்டும் என்றார். அத்துடன் நிறுத்தவில்லை. அவர்களின் மாதச் சம்பளம் 12 ரூபாய்க்குக் குறையக் கூடாது, பெரிய ஊர்களில் 15 அல்லது 20 ரூபாய் இருக்க வேண்டும் என்று தொகையையும் குறிப்பிட்டார்.

சாதி ஆதிக்கம் பற்றிய ஆய்வு, ஆசிரியரின் சமூகப் பின்னணி, பயிற்சி, ஊதியம் ஆகிய நான்கும் அந்த அறிக்கையில் ஒரே கோரிக்கையாக நிற்கின்றன. அதை எழுதியவர் பள்ளி நடத்தியவர். 1848இல் புனேயில் அவர் தொடங்கிய பெண்கள் பள்ளியில் கற்பித்த சாவித்திரிபாய் முறையான ஆசிரியப் பயிற்சி பெற்றவர். ஆய்வாளரும் ஆசிரியரும் கோரிக்கையாளரும் அந்த வீட்டில் தனித்தனி ஆட்களாக இருக்கவில்லை. பின்வந்த நூற்றுநாற்பது ஆண்டுகளில் அந்த ஒரு கோரிக்கை துண்டு துண்டாக வெட்டப்பட்டது. சாதி ஆய்வு பல்கலைக்கழகத்துக்குப் போனது. பயிற்சி தனியார் கல்லூரிக்குப் போனது. சம்பளம் சங்கத்தின் பொறுப்பாயிற்று.

சொல் பற்றியும் இங்கே சிறிது சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஈக்விட்டி’ எனப்படுவதைத் தமிழில் சமத்துவம் என்கிறார்கள், சமநீதி என்கிறார்கள். ஒப்புரவு என்று எழுதுவோரும் உண்டு. திருக்குறளில் ஒப்புரவு என்பது செல்வம் உடையவர் ஊராருக்கு உதவி வாழும் பண்பு. கொடுப்பவர் மேலே இருக்க, பெறுபவர் கீழே நிற்பார். அரசின் கல்வி ஆவணங்கள் பலவற்றில் ‘ஈக்விட்டி’ உண்மையில் இந்தப் பொருளில்தான் ஆளப்படுகிறது என்பதால், அந்த மொழிபெயர்ப்பைத் தவறு என்றுகூடச் சொல்ல முடியவில்லை. புலே கேட்டது ஒப்புரவை அன்று, சமநீதியை. அவ்வாறே ‘ஆசிரியர் பயிற்சி’ என்பதற்கும் ‘ஆசிரியர் கல்வி’ என்பதற்கும் இடையே தொலைவு உண்டு. பயிற்சி பெற்றவர் சொன்னதைச் செய்வார். கல்வி பெற்றவர் ஏன் என்று கேட்பார். ஆட்சியாளர்களுக்கு எவர் தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆய்வுகள் என்ன கண்டன? கீதா நம்பீசன் போன்றோர் பல ஆண்டுகளாகத் தலித் குழந்தைகளின் பள்ளி அனுபவத்தைப் பதிவு செய்துள்ளனர். ராஜஸ்தானில் அவர் மேற்கொண்ட ஆய்வு பெருங்கொடுமைகளை மட்டும் தேடவில்லை. அன்றாடச் சிறு செயல்களைக் கவனித்தது. ஆசிரியருக்குத் தண்ணீர் கொண்டுவரும்படி யாரிடம் சொல்லப்படுகிறது, வளாகத்தைக் கூட்டும்படி யாரிடம் சொல்லப்படுகிறது, காலைக் கூட்டத்தில் முன்னால் நிற்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது, குறிப்பேடு யாருடையது திருத்தப்படுகிறது என்பவையே அச்செயல்கள். சட்டத்தின் கண்ணுக்கு இவற்றில் பல குற்றமாகவே தெரியா. குழந்தையின் கண்ணுக்கோ இவையே பள்ளி. ஒடிசாவின் ஆதிவாசிக் குழந்தைகளிடையே பணியாற்றிய அஜித் மொகந்தி, வீட்டு மொழியைப் புறக்கணிக்கும் பள்ளி எவ்வாறு குழந்தையைப் படிப்படியாக வெளியே தள்ளுகிறது என்பதைக் காட்டினார்.

இந்தப் பதிவுகள் விலைமதிப்பற்றவை. இவற்றை ‘ஆசிரியர் விரோத’ எழுத்து என்று ஒதுக்கும் சங்கத் தோழர் தம் இயக்கத்துக்கே தீங்கு செய்கிறார். ஆசிரியர் உழைப்பாளி என்பதால் அவரிடம் சாதி இல்லை என்று ஆகிவிடாது. மாணவர் பிறப்பிலேயே இன்ன வகையினர் என்று பிரிக்கும் வழக்கம் நம் மரபிலும் ஆழமாக வேரோடியது. பவணந்தியாரின் நன்னூல் மாணாக்கரை முதல், இடை, கடை எனத் தரம் பிரித்து, அன்னத்தில் தொடங்கி ஆடு, எருமை வரை உவமை சொல்கிறது. தமிழ் கற்ற எவரும் அதை ரசித்தே படித்திருப்பர். இன்றைய ஆசிரியர் அறையில் ‘இதுங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது’ என்று சொல்லப்படும்போது அந்த எருமை வேறு உருவில் வந்து நிற்கிறது. அதற்கு இப்போது பெரும்பாலும் சாதிப் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் அந்த ஆசிரியர் அப்படிப் பேசக் கற்றது எங்கே என்ற வினாவை எழுப்பாத ஆய்வு பாதி ஆய்வே. இங்கே கிருஷ்ணகுமார் 1991இல் வெளிவந்த தம் நூலில் முன்வைத்த கருத்து இன்றும் பயன் தருகிறது. காலனிய ஆட்சி உருவாக்கிய ஆசிரியரை அவர் பணிவான சர்வாதிகாரி என்று வருணித்தார். பாடத்திட்டத்தைத் தீர்மானிப்பதில் அவருக்குப் பங்கில்லை. பாடநூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. ஆய்வாளர் வந்தால் கைகட்டி நிற்க வேண்டும். சம்பளமோ அலுவலக எழுத்தரினும் குறைவு. ஆனால் கதவு மூடப்பட்டதும் குழந்தைகள்மீது அவருடைய அதிகாரத்துக்கு எல்லை இல்லை. மேலே அடங்கியவர் கீழே அடக்குகிறார். இது தனிமனிதரின் குணக்கேடு அன்று. ஒரு வேலையமைப்பின் விளைவு.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு வெளியானபோது பூனம் பத்ரா இதே இடத்தில்தான் கை வைத்தார். குழந்தையை மையமாகக் கொண்ட அழகான ஆவணம் அது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய ஆசிரியரின் குரலும் செயல்திறனும் அதில் காணப்படவில்லை என்று எழுதினார். அந்த விமர்சனம் சரியானது. அது இன்று இன்னும் சரியானது.

இனி விற்பனைக் கதை. ஆசிரியர் கல்வியை ஒழுங்குபடுத்துவதற்கென்று 1993இல் சட்டம் இயற்றி, 1995இல் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் நிறுவப்பட்டது. அதன்பின் நடந்தது ஒழுங்கு அன்று, வெள்ளம். அரசு நிறுவனங்களை விரிவாக்காமல், தனியார் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வாரி வழங்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் ஏறத்தாழ முந்நூறு பட்டயக் கல்லூரிகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. பூனம் பத்ராவும் அதில் ஓர் உறுப்பினர். 2012இல் அக்குழு அளித்த அறிக்கை, பணிக்கு முந்தைய ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் சுமார் 90 விழுக்காடு தனியார் கையில் இருப்பதைச் சொன்னது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்த நிறுவனங்களில் பெரும்பாலானவை விலைக்குப் பட்டம் விற்கின்றன என்று இதே அறிக்கையைச் சான்று காட்டி எழுதியிருப்பது யார் தெரியுமா? மோடி அரசின் 2020 கல்விக் கொள்கை ஆவணம்.

நோயை இவ்வளவு தெளிவாக அறிந்த அரசு கொடுத்த மருந்து என்ன? 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம் நாடெங்கும் குறைந்தபட்சத் தகுதியாகும் என்றது. சேர்க்கைக்குத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் ஒற்றை நுழைவுத் தேர்வு. அரசு ஆசிரியர் கல்வி நிறுவனங்களுக்கு எவ்வளவு நிதி, எத்தனை நிரந்தரப் பேராசிரியர்கள் என்ற வினாக்களுக்கு அதில் உறுதியான விடை இல்லை. வர்மா குழுவின் வழியில் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின. 2025இல் வெளியான வரைவு விதிமுறைகளோ முதுநிலைப் பட்டதாரிகளுக்கும் நான்காண்டுப் பட்டதாரிகளுக்கும் ஓராண்டுப் படிப்பை மீண்டும் கொண்டுவர முன்மொழிந்தன. பத்தாண்டு இடைவெளியில் முன்னும் பின்னும் நடந்தால் இருந்த இடத்துக்கே வந்து சேரலாம் என்பதைத் தவிர இதில் கற்க வேறொன்றும் இல்லை.

இந்த நெருக்கடியில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.எல்.எட். படிப்புக்கு நேர்ந்தது தனியே சொல்லத்தக்கது. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கென்று நான்காண்டுப் பட்டப்படிப்பு ஒன்றை 1994இலேயே அப்பல்கலைக்கழகம் தொடங்கியது. அதற்கு முன்பு தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குப் பட்டயம் போதும் என்பதே நாட்டின் நினைப்பு. சிறு குழந்தைக்குக் கற்பிக்கச் சிறு படிப்பு! அந்த நினைப்பை உடைத்தது இப்படிப்பு. பெண்கள் கல்லூரிகள் எட்டில் நடந்த அதில் மாணவிகள் குழந்தையை உற்றுநோக்கக் கற்றனர். நாடகமும் கைவினையும் செய்தனர். சமகால இந்தியாவின் சாதி, பாலின உண்மைகளைப் படித்தனர். இறுதி ஆண்டில் பள்ளிகளில் நீண்ட காலம் பணிபுரிந்தனர். நான்காண்டுப் படிப்பு வேண்டும் என்று இன்று முழங்கும் அரசுக்கு முன்மாதிரியாக இருந்திருக்க வேண்டியது இது. 2023இல் இதன் இடத்தில் ஒன்றிய அரசின் ஒற்றை வார்ப்புத் திட்டத்தைப் புகுத்தும் முடிவு, ஆசிரியப் பிரதிநிதிகளின் எதிர்ப்பை மீறிப் பல்கலைக்கழகத்தில் எடுக்கப்பட்டது. நல்லது ஒன்று சிறியதாக இருந்தால் அதை வளர்க்க வேண்டும், இங்கே பிடுங்குகிறார்கள்.

புலேயின் 12 ரூபாய் எங்கே போயிற்று? 1990களில் உலக வங்கிக் கடனும் கட்டமைப்புச் சீரமைப்பும் வந்த பின், நிரந்தர ஆசிரியர் என்பவர் ‘சுமை’ ஆனார். மத்தியப் பிரதேசத்தில் சிக்‌ஷா கர்மி, உத்தரப் பிரதேசத்தில் சிக்‌ஷா மித்ரா எனப் பெயர்கள் மாறின, உள்ளடக்கம் ஒன்றே. உள்ளூர் இளைஞரை, பயிற்சி இன்றியோ சில வாரப் பயிற்சி தந்தோ, மதிப்பூதியத்தில் அமர்த்துவது. ‘மித்ரா’ என்றால் நண்பர். நண்பருக்குச் சம்பளம் கேட்க உரிமை ஏது? 2017 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட சிக்‌ஷா மித்ராக்களின் பணி நிரந்தரம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தை வாங்கத் தொடங்கியிருந்தவர்கள் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. அதைத் தவிர்க்காமல் எதிர்கொள்ள வேண்டும். ஒப்பந்த நியமனங்களின் வழியாகத்தான் பல மாநிலங்களில் தலித், ஆதிவாசி, பிற்பட்ட சமூகப் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் கிராமப் பள்ளியின் கரும்பலகைக்கு முன் வந்து நின்றனர். உழுகுடிகளிலிருந்து ஆசிரியர் வேண்டும் என்ற புலேயின் கோரிக்கையில் ஒரு பாதியை நவதாராளமயம் நிறைவேற்றியது. மறு பாதியான பயிற்சியையும் ஊதியத்தையும் பறித்துக்கொண்டு நிறைவேற்றியது. சமூகப் பிரதிநிதித்துவத்தை மலிவு உழைப்பாக மாற்றும் இந்த வித்தையைச் சமநீதி ஆய்வுகள் போதிய அளவு பேசவில்லை. ஒப்பந்த ஆசிரியரால் குழந்தைகளின் கற்றல் அடைவு குறைகிறதா கூடுகிறதா என்று அளந்து பார்த்த பொருளியல் ஆய்வுகள் உண்டு. அவர் எவ்வாறு வாழ்கிறார் என்பது அளவுகோலுக்குள் வருவதில்லை.

பயிற்சியற்றவரை அமர்த்தியது அரசு. தண்டனை ஆசிரியருக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் காலக்கெடு நெருங்கியபோது, 2017இல் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பதினெட்டு மாதப் பட்டயத்தில் சேர்க்கப்பட்டனர். 2023 நவம்பரில் அப்பட்டயம் ஈராண்டுப் பட்டயத்துக்கு நிகராகாது என்றது உச்ச நீதிமன்றம்; ஏற்கெனவே பணியில் இருந்தோருக்குப் பின்னர் தெளிவுரை தரப்படும்வரை அவர்கள் திகைத்து நின்றனர். 2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்கள் ஈராண்டுக்குள் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும், இல்லையேல் பணியை விட்டு வெளியேற வேண்டும் என்றது. இருபதாண்டு பாடம் நடத்தியவர் தம் முன்னாள் மாணவரோடு ஒரே தேர்வுக் கூடத்தில் அமர வேண்டும். அதை எதிர்ப்பது நியாயம். ஆனால் தேர்வு வேண்டாம் என்பதோடு கோரிக்கை முடிந்துவிட்டால், ஆசிரியருக்குத் தரமான கல்வி வேண்டியதில்லை என்று சங்கம் சொல்வதாகவே மக்கள் புரிந்துகொள்வர். பணியிலிருக்கும் ஆசிரியருக்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பு, அரசு நிறுவனங்களில் முறையான தொடர்கல்வி, அதை வடிவமைப்பதில் ஆசிரியருக்கே பங்கு என்பவை தகுதித் தேர்வுக்கு மாற்றாக முன்வைக்கப்பட வேண்டிய கோரிக்கைகள். இவற்றுக்கு வாதம் தரக்கூடிய ஆய்வுகள் இருக்கின்றன. சங்கத்தின் மேசையில் அவை இல்லை.

அறிஞரும் ஆசிரியரும் உண்மையிலேயே உரையாடியதற்கு இந்தியாவில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதியைச் சேர்ந்த அனில் சத்கோபாலும், நண்பர்கள் ஊரக மையமும் அதைத் தொடங்கினர். டெல்லிப் பல்கலைக்கழகம், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் அதில் இணைந்தனர். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்த அத்திட்டத்தை 1982 முதல் ஏகலவ்யா நிறுவனம் முன்னெடுத்தது. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடினர். எந்தச் சோதனை வகுப்பில் தோற்றது, ஏன் தோற்றது என்று பேசினர். அவர்கள் சொன்னதைக் கேட்டு அறிவியலாளர்கள் பாடநூலைத் திருத்தினர். தேர்வில் மாணவர் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம். மனப்பாடத்துக்கு அங்கே வேலை இல்லை. கிராமத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஆய்வுப் பொருளாக இல்லாமல் ஆய்வில் பங்காளியாக இருந்தார்.

2002இல் அத்திட்டம் மூடப்பட்டது. மூடியது சங் பரிவார் அரசு அன்று. அன்று போபாலில் இருந்தது காங்கிரஸ் அரசு. சிக்‌ஷா கர்மி முறையை விரிவாக்கியதும் அதே அரசு. சிந்திக்கும் ஆசிரியரும் மலிவான ஆசிரியரும் ஒரே பள்ளியில் நெடுநாள் இருக்க முடியாது என்பது அந்த ஆட்சியாளர்களுக்குப் புரிந்திருந்தது.

ஃபாயர்பாக் பற்றி 1845இல் மார்க்ஸ் எழுதிய குறிப்புகளில் மூன்றாவது, கற்பிக்கும் பொறுப்பில் இருப்பவரும் கற்க வேண்டியவரே என்பதை நினைவூட்டுகிறது. இதை மறந்த கோட்பாடு சமூகத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை மற்றதற்கு மேலே வைத்துவிடும் என்றும் எச்சரிக்கிறது. கட்சி வகுப்புகளில் பலமுறை படிக்கப்பட்ட வரி இது. ஆசிரியருக்குச் சமநீதி கற்பிக்கப் புறப்படும் ஆய்வாளருக்கும், மக்களுக்கு அரசியல் கற்பிக்கப் புறப்படும் சங்கத் தலைவருக்கும் அது ஒருசேரப் பொருந்தும்.

மேற்சொன்ன ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. ஜெய்ப்பூர் மாவட்டத்துப் பள்ளியைப் பற்றிய ஆய்வை அப்பள்ளியின் ஆசிரியர் படிக்க முடிய வேண்டுமானால் அது இந்தியில் வர வேண்டும். பிற மாநிலத்து ஆசிரியருக்குத் தமிழிலும் தெலுங்கிலும் ஒடியாவிலும் வர வேண்டும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஆசிரியர் அரங்கத் தோழர்கள் நினைத்தால் ஒரு வட்டாரக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஊதிய நிலுவை பற்றிய விவாதம் முடிந்த பின், ஒரு மணி நேரம், கீதா நம்பீசனின் ஆய்விலிருந்து பத்துப் பக்கங்களை மொழிபெயர்த்து உரக்க வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் எழும் முதல் எதிர்வினை கோபமாகத்தான் இருக்கும். ‘எங்கள் பள்ளியில் அப்படி இல்லை’ என்று ஒருவர் எழுவார். அவருக்கு அடுத்த நாற்காலியில், தம் பள்ளியின் ஆசிரியர் அறையில் தமக்கென்று தனிக் குவளை வைக்கப்பட்டிருப்பதை இதுவரை எந்தக் கூட்டத்திலும் சொல்லாத ஒரு தலித் ஆசிரியர் அமர்ந்திருக்கக் கூடும்.